உன் பக்கமா, என் பக்கமா? பிள்ளையின் முதுகு வளைவும் பரம்பரையும்

கேள்வி, சுருக்கமாக: "சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம், வீட்டில் தறி ஓடுகிறது. மூத்த மகளுக்கு 13 வயது, வயதுக்கு வந்து எட்டு மாதம். சுடிதார் தைக்கக் கொடுத்த இடத்தில் டெய்லர் அக்காதான் 'இடது தோள் இறங்கியிருக்கே' என்று சொன்னார். எக்ஸ்ரே எடுத்ததில் முதுகெலும்பு வலப்பக்கம் 28 டிகிரி வளைந்திருக்கிறது, ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். பெல்ட் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் அத்தை மகனைக் கட்டியவள். என் மாமியார் 'எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் இல்ல, இது உங்க அம்மா வழி' என்கிறார். இது பரம்பரையா? சொந்தத்தில் கட்டியதாலா? 9 வயதில் சின்னவள் இருக்கிறாள், அவளுக்கும் வருமா? ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?"

முதலில் உங்கள் அத்தையின் கணக்கைத் தீர்த்துவிடலாம். நீங்கள் கட்டியிருப்பது அத்தை மகனை. அப்படியானால் உங்கள் மாமியாரும் உங்கள் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். அவர் 'எங்க வம்சம்' என்று சொல்கிற வம்சத்தில் நீங்களும் பாதி. உங்கள் அம்மா வழியை மட்டும் பிரித்து அவர் கைகாட்டுகிறார், சரி. அதே நியாயப்படி உங்கள் மாமனார் வழியும் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி அவர் பேசமாட்டார்.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. இருபது வருஷமாகச் சேலத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். வளைந்த முதுகோடு ஒரு பெண் பிள்ளை வந்தால், கூட வந்த பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி 'என்ன செய்யலாம்' என்பதாக இருப்பதில்லை. 'யார் பக்கத்திலிருந்து வந்தது' என்பதுதான். பிள்ளை அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முதுகைப் பார்க்கப் போயிருந்தேன். காப்பிப் பழம் பறிக்கிற பருவம். ஒரு எட்டாம் வகுப்புப் பெண் குனிந்தபோது வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு மேடு எழுந்தது. நிமிர்ந்து நின்றால் ஒன்றுமே தெரியாது. மறுநாள் அவள் அம்மா எஸ்டேட்டிலிருந்து நேராக வந்தார். சேலைக்கு மேலே சட்டை, விரலெல்லாம் பழச்சாற்றின் பிசுபிசுப்பு. "விறகு தூக்குனதாலதான் மேடம், அவங்க அப்பத்தாதான் தூக்க விட்டுச்சு" என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்லாமல், "நீங்களும் ஒரு தடவை குனியுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே குனிந்தார். அதே இடத்தில் அதே மேடு, மகளுடையதைவிடச் சின்னது. கையால் தடவிப் பார்க்கச் சொன்னேன். "இது ஜாக்கெட் இழுக்கும்ல, அந்தப் பக்கம்தானே?" என்றார். முப்பத்தேழு வயது வரைக்கும் அவருக்கு அது ஜாக்கெட்டின் குறையாகத்தான் தெரிந்திருக்கிறது. 'எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை' என்று ஒருவர் சொன்னால், 'யாரையும் நாங்கள் குனிய வைத்துப் பார்த்ததில்லை' என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பரம்பரையா என்றால், ஆமாம், ஆனால் நாம் வழக்கமாக நினைக்கிற மாதிரி இல்லை.

உங்கள் மகளுக்கு வந்திருப்பது பத்து வயதுக்கு மேல், வளர்கிற பருவத்தில், வேறு காரணம் எதுவும் காட்டாமல் வருகிற வகை. ஸ்கோலியோசிஸில் மிகப் பெரும்பாலானது இந்த வகைதான். 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று பெயர் வைப்பார்கள். அந்தக் கணக்கில் வளரிளம் பருவத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. 30 டிகிரியைத் தாண்டுகிறவர்கள் ஆயிரத்தில் ஒருவரிலிருந்து மூன்று பேர்தான். இது வெறும் பக்கவாட்டு வளைவும் இல்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பிக்கொண்டே ஏறவும் செய்கிறதே, அதுபோல முள்ளெலும்புகள் வளைவதோடு முறுக்கியும் கொள்கின்றன. அந்த முறுக்கலில் விலா எலும்புகள் பின்னால் தள்ளப்படுவதுதான் முதுகில் தெரியும் மேடு.

இதில் மரபின் பங்கு எவ்வளவு என்பதை அறிய இரட்டையரைப் பார்த்தார்கள். அதுவரை வெளிவந்திருந்த விவரங்களை 1997-ல் திரட்டியதில், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 73%. இரண்டு கருவாகப் பிறந்த இரட்டையரில் அது 36%. 2012-ல் ஸ்வீடனின் இரட்டையர் பதிவேட்டை வைத்துச் செய்த பெரிய கணக்கில், மரபின் பங்கு 38% என்று வந்தது. இரண்டு ஆய்வின் எண்களும் முன்னே பின்னே இருந்தாலும் சொல்வது ஒன்றைத்தான்: மரபுக்குப் பெரிய கை இருக்கிறது, ஆனால் எல்லாம் அதன் கையில் இல்லை. அச்சு அசலாக ஒரே மரபணு கொண்ட இரட்டையரிலேயே ஒருத்திக்கு வளைந்து மற்றவளுக்கு வளையாமல் இருப்பதுண்டு.

ஒரு மரபணு கெட்டுப்போய் அது அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ நேராக இறங்கி வருகிற கதை இது இல்லை. நீங்கள் தறிக்காரர், உங்களுக்குச் சொல்வது சுலபம். பாவில் ஆயிரக்கணக்கில் இழை ஓடுகிறது. ஓர் இழை கொஞ்சம் தொய்ந்திருந்தால் துணியில் தெரியாது, நீங்களும் கண்டுகொள்ள மாட்டீர்கள். ஒரு பக்கமாகப் பல இழைகள் கொஞ்சம் கொஞ்சம் தொய்ந்தால் துணி இழுத்துக்கொண்டு கோணலாக வரும். எந்த இழையால் கோணியது என்று கேட்டால் எதன்மேல் விரல் வைப்பது? இந்த இழைகள் இரண்டு பக்கமிருந்தும் வருகின்றன. அம்மாவுக்கும் தெரியாமல் கொஞ்சம், அப்பாவுக்கும் தெரியாமல் கொஞ்சம். பிள்ளையிடம் சேரும்போதுதான் அளவு தாண்டுகிறது.

சில இழைகளைக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். 2011-ல் ஜப்பானில் எல்பிஎக்ஸ்1 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில், 10-வது குரோமோசோமில், டிஎன்ஏவில் ஒரு சின்ன எழுத்து மாற்றத்தை அடையாளம் கண்டார்கள். கருவில் தசை செல்கள் இடம் போய்ச் சேருவதிலும் தண்டுவட நரம்பு செல்கள் உருவாவதிலும் அந்த மரபணுவுக்கு வேலை உண்டு. பிறகு சீனர்களிடமும் ஐரோப்பியர்களிடமும் தேடியபோது அங்கேயும் அதே இடம் தட்டுப்பட்டது. இந்தத் துறையில் அப்படி எல்லா ஊரிலும் நிற்கிற முடிவு அபூர்வம். 2013-ல் ஜிபிஆர்126, இது குருத்தெலும்போடு சம்பந்தப்பட்டது. எலியின் குருத்தெலும்பில் இதை நீக்கினால் எலிக்கு முதுகு வளைகிறது. 2015-ல் பாக்ஸ்1 பக்கத்தில் ஓர் இடம், அதுவும் பெண்களிடம் மட்டும் தொடர்பு காட்டியது. 2019-ல் ஜப்பானியர்களிடம் மட்டுமே இப்படி 20 இடங்கள் சேர்ந்துவிட்டன. இவற்றில் எதையும் 'நோய் மரபணு' என்று சொல்லிவிட முடியாது. எல்பிஎக்ஸ்1 பக்கத்து எழுத்து மாற்றம், முதுகு கம்பு போல நேராக இருக்கும் ஏராளமானவர்களிடமும் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது மீன் கதை. மனிதன் நிமிர்ந்து நடப்பதால்தான் முதுகு வளைகிறது, எடை தாங்காமல்தான் கோணுகிறது என்று நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தோம். ஜீப்ரா மீனை வைத்து 2016-ல் வந்த ஆராய்ச்சியில், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரைத் தள்ளிவிடும் நுண்ணிய மயிரிழைகள் சரியாக அசையாத மீன் குஞ்சுகள் நேராக வளர ஆரம்பித்து, வளர வளர முதுகு வளைந்துபோயின. வளைய ஆரம்பித்த பிறகு அந்த அசைவைத் திருப்பிக் கொடுத்தபோது வளைவு மேற்கொண்டு கூடாமல் நின்றது. தண்ணீரில் படுத்தவாக்கில் நீந்துகிற மீனுக்கு ஏது மூட்டை, ஏது ஸ்கூல் பேக்? ஆகவே புத்தகப் பையையும், மகள் சோபாவில் சரிந்து படிப்பதையும், உங்கள் ஊரில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதையும் இந்த வளைவின் காரணமாகச் சொல்ல ஆதாரமில்லை. பை கனத்தால் முதுகு வலிக்கும், அது வேறு.

ஆண்பிள்ளைக்கு ஏன் குறைவு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு இது தேவைப்படும். சின்ன வளைவுகளில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சரிபாதி. வளைவு கூடக் கூடப் பெண்கள் பக்கம் சாய்ந்துகொண்டே போய், சிகிச்சை தேவைப்படும் அளவில் ஆண் ஒருவருக்குப் பெண்கள் ஏழெட்டுப் பேர் என்று ஆகிவிடுகிறது. ஆண் உடம்பு வளைவதற்கு இன்னும் அதிக மரபுச் சுமை வேண்டியிருக்கிறது போலும். அதன் மறுபக்கம் இது: வளைந்த முதுகுள்ள ஓர் ஆண், அந்த அதிகச் சுமையைத் தன்னிடம் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். 2012-ல் அமெரிக்காவில் குடும்பங்களைப் பார்த்தபோது, வளைவு உள்ள அப்பாக்களின் பிள்ளைகளுக்கு, வளைவு உள்ள அம்மாக்களின் பிள்ளைகளைவிட அதிகமாக வந்திருந்தது. அதனால் குனியச் சொல்லும்போது உங்கள் கணவரையும் சேர்த்துக் குனியச் சொல்லுங்கள். பொதுவாக அவர்கள்தான் 'எனக்கென்ன' என்று நழுவுவார்கள்.

சொந்தத்தில் கட்டியதாலா? இந்த வகை வளைவுக்கு அதைக் காரணமாகக் கைகாட்ட முடியாது. சொந்தத்தில் கட்டுவதால் ஆபத்து கூடுவது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால் மட்டும் வருகிற நோய்களில். இரண்டு பேருமே அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒன்று வாய்ப்பு. முதுகு வளைவிலும் அப்படி அபூர்வமான ஒன்று உண்டு. கண்ணை இடம் வலமாகத் திருப்ப முடியாமல், சின்ன வயதிலேயே முதுகும் வளைந்துகொண்டே போகும். ரோபோ3 என்ற மரபணுவால் வருவது, 2004-ல் கண்டுபிடித்தார்கள். உங்கள் மகள் கண்ணை இரண்டு பக்கமும் சாதாரணமாக உருட்டுவாள்தானே? அப்படியென்றால் அது இல்லை. உங்கள் இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டி இருப்பதால், அந்த மெல்லிய இழைகளில் சில இருவரிடமும் பொதுவாக இருக்கலாம், அவ்வளவுதான். அதற்காக 13 வயதுப் பிள்ளையின் காதுபட உங்கள் கல்யாணத்தைப் பஞ்சாயத்துக்கு வைக்க வேண்டாம்.

ஆனால் வேறு மரபு நோய்களின் ஒரு பகுதியாக முதுகு வளைவது உண்டு, டாக்டர் அதைப் பார்த்திருப்பார். பார்க்காவிட்டால் கேளுங்கள். உடம்பில் காப்பித்தூள் நிறத்தில் ஆறும் அதற்கு மேலும் படைகள் இருந்தால் நரம்பு நார்க்கட்டி நோயாக இருக்கலாம். வயதுக்கு மீறிய உயரம், சிலந்தி விரல்கள், கண்ணாடி எண் ஏறிக்கொண்டே போவது என்றால் மார்ஃபான் என்ற மரபு நோயின் பக்கம் யோசிப்பார்கள், அதில் இதயத்தின் பெருங்குழாயை எக்கோ எடுத்துப் பார்ப்பது முதுகைவிட அவசரம். இவை இரண்டும் ஒரே மரபணுவால் வருபவை, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குச் சரிபாதி வாய்ப்பு. நெஞ்சுப் பகுதியின் வளைவு இடப்பக்கம் இருந்தாலோ, ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது இருந்தாலோ எம்ஆர்ஐ எடுப்பார்கள். உங்கள் மகளுக்கு வலப்பக்கம், வழக்கமான பக்கம்.

ஜீன் டெஸ்ட் வேண்டாம். பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். எச்சிலில் 53 மரபணுக் குறிகளைப் பார்த்து, இந்தப் பிள்ளையின் வளைவு கூடுமா கூடாதா என்று சொல்வதாக ஸ்கோலிஸ்கோர் என்ற சோதனை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பிறகு ஜப்பானியர்களிடமும், கனடாவின் பிரெஞ்சுக்காரர்களிடமும் அதே குறிகளைச் சோதித்தபோது தொடர்பு தெரியவில்லை. உங்கள் மகளுக்கு நாளை என்ன ஆகும் என்று சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனையோ எச்சில் பரிசோதனையோ இன்றைக்கு இல்லை. மேலே சொன்ன நோய்களில் ஒன்றைச் சந்தேகித்து டாக்டர் கேட்டால் அது வேறு விஷயம், அப்போது எடுங்கள்.

சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது, அது உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை. விழா தேதி இல்லை, அவள் வயதுக்கு வந்த தேதி. பெண் பிள்ளைகள் கிடுகிடுவென்று உயரும் காலம் பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் முன்னால் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு வருஷம் மெதுவாக வளர்வார்கள். வளைவு கூடுவதும் இந்த வளர்ச்சியோடு சேர்ந்துதான். வெளிநாட்டு டாக்டர்கள் 'எப்போது' என்று கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். நம் வீடுகளில் கிழமை, நட்சத்திரம் வரைக்கும் குறித்து வைத்திருக்கிறோம். டாக்டரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். இடுப்பெலும்பின் விளிம்பில் எலும்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் பார்த்து, மிச்ச வளர்ச்சியை அவரும் கணிப்பார். எட்டு மாதம்தான் ஆகிறது என்றால் இன்னும் வளர்ச்சி மிச்சம் இருக்கிறது. 28 டிகிரி, மிச்ச வளர்ச்சி, இரண்டையும் சேர்த்துத்தான் அவர் பெல்ட் சொல்லியிருக்கிறார். சரியான முடிவு.

பெல்ட் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் தொங்கும் இடுப்பு பெல்ட்டை வாங்கிவிடாதீர்கள், அப்படி வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இது உடம்புக்கு அளவெடுத்துச் செய்கிற கெட்டி பிளாஸ்டிக் கூடு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், இதைப் போட்டவர்களில் 72% பேருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. போடாமல் கவனித்து மட்டும் வந்தவர்களில் அது 48%. இரண்டையும் பாருங்கள்: போடாதவர்களிலும் பாதிப் பேர் தப்பித்திருக்கிறார்கள், போட்டவர்களிலும் சிலருக்குக் கேட்கவில்லை. ஒரு நாளைக்குச் சராசரி 13 மணி நேரமும் அதற்கு மேலும் உண்மையாகவே போட்டவர்களுக்கு வெற்றி 90 சதவீதத்தைத் தொட்டது. பெல்ட்டுக்குள் வெப்பநிலை உணரும் கருவி வைத்து நேரத்தை எண்ணினார்கள், அதனால் 'போட்டேன்' என்று சும்மா சொல்ல முடியாது. டாக்டர் 18 மணி நேரம் என்றால் 18-ஐயே குறிவையுங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கழற்றிவிட்டுப் போவேன் என்று அவள் அடம்பிடித்தாலும், சாயங்காலம் நாலரைக்கு மாட்டிக் காலை எட்டுக்குக் கழற்றினால் பதினைந்து மணி நேரம் வந்துவிடும். பிரச்சினை நம் ஊர் வெயில். ஏற்காட்டுப் பிள்ளைகள் ஸ்வெட்டருக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், சித்திரையில் அம்மாபேட்டையில் முடியுமா? உள்ளே தையல் இல்லாத பருத்தி பனியன், ஒரு நாளைக்கு இரண்டு. நீங்களே துணிக்காரர், நல்லதாகப் பார்த்துக் கொடுங்கள். பவுடர் போட்டுக் குழைக்க வேண்டாம், தோல் சிவந்து கால் மணி நேரத்துக்கு மேல் மாறாவிட்டால் பெல்ட் செய்தவரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள்.

உடற்பயிற்சி என் பிழைப்பு, அதனால் நானே சொல்கிறேன்: அது பெல்ட்டுக்குத் துணை, மாற்று இல்லை. கம்பியில் தொங்குவது, எண்ணெய் போட்டு நீவிவிடுவது எல்லாம் எலும்பை நேராக்காது.

இப்போது சின்னவள். 1973-ல் பாஸ்டனில் வெளிவந்த குடும்ப ஆய்வில், வளைவு உள்ளவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் 11% பேருக்கு அது இருந்தது. சித்தி, மாமா போன்ற அடுத்த வட்டத்தில் 2.4%. ஊர்ச் சராசரி இரண்டு மூன்று சதவீதம் என்றேன், ஆக அக்காவுக்கு இருப்பதால் இவளுக்கு வாய்ப்பு சில மடங்கு கூடுகிறது. அப்படியும் பத்தில் ஒன்பது பங்கு வராது. வந்தாலும் பெரும்பாலும் சின்னதாகவே நின்றுவிடும். மூத்தவளுக்கு 28 என்பதால் இவளுக்கும் 28 வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாருங்கள். கால் இரண்டும் சேர்த்து, முழங்கால் மடக்காமல், உள்ளங்கைகளை ஒட்டிக்கொண்டு, கோலம் போடக் குனிவதுபோல மெதுவாகக் குனியட்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து கண்ணை அவள் முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதுகின் இரண்டு பக்கமும் ஒரே உயரமா, ஒன்று தூக்கியிருக்கிறதா? இந்தச் சோதனை 1865-ல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் எழுதி வைத்தது. இகுவானோடான் என்ற டைனோசரைக் கண்டுபிடித்த கிடியன் மாண்டெல் 1852-ல் இறந்தபோது அவர் முதுகெலும்பைத் திறந்து பார்த்தவர் இதே ஆடம்ஸ்தான். 160 வருஷமாக இதைவிடச் சுலபமான சோதனை வரவில்லை. மேடு சந்தேகமாக இருந்தால் எங்களிடம் ஸ்கோலியோமீட்டர் இருக்கிறது, ரசமட்டம் போல முதுகில் வைத்துப் பார்ப்போம். முதுகின் சாய்வு 7 டிகிரி காட்டினால் எக்ஸ்ரே. அதற்கு முன்னால் சும்மா சும்மா எக்ஸ்ரே வேண்டாம். எடுத்தால் நின்றவாக்கில் எடுக்க வேண்டும், படுக்க வைத்து எடுத்தால் வளைவு குறைத்துக் காட்டும்.

மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்கோ வேறு எங்கோ அடுத்த முறை போகும்போது பழைய எக்ஸ்ரேயை மறக்காமல் எடுத்துப் போங்கள். இந்த நோயில் இன்றைய எண்ணைவிட, போன எண்ணிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் பேசும். 5 டிகிரி வரை அளக்கும் கையைப் பொறுத்தே மாறும், 28 அடுத்த முறை 31 என்று வந்தால் வீட்டில் யாரும் அழ வேண்டாம். 45, 50 என்று போனால்தான் ஆபரேஷன் பேச்சு.

அப்புறம், உங்கள் அத்தையையும் ஒரு தடவை குனியச் சொல்லிப் பாருங்கள். மேடு இருந்தால் சண்டைக்குப் பிடித்துக்கொள்ளாதீர்கள். மூத்தவளைக் கூப்பிட்டு அந்த மேட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அறுபது வருஷமாகத் தறி ஓட்டிய முதுகு அது.